ஒன்பதாம் ஸ்டேஷன் பேச்சி

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் காருக்கு ஆல்டர்னேட்டர் செய்கிறோம். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுகிற சாமான் அது. லைனில் என் இடம் எட்டாம் ஸ்டேஷன், பேச்சியின் இடம் ஒன்பது. நான் வாஷர் போடுவேன். அவள் நட்டை முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாக அதன்மேல் மஞ்சள் கோடு இழுப்பாள். பதினோரு வருடமாக இதே வேலை. சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரே பஸ்ஸில் வந்தோம், சுங்குவார்சத்திரத்தில் ஒரே அறையில் இருக்கிறோம். அவள் குறட்டையை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டவள் என்ற முறையில் அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் ரீவொர்க் டேபிளுக்கு ஆள் கேட்டார்கள். பழுதான பீஸைப் பிரித்து, குறையைக் கண்டுபிடித்து, மறுபடி பூட்டுகிற இடம். இதுவரை டிப்ளமோ படித்த ஆண்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சியும் எழுதிக் கொடுத்தாள். இன்ஜினியர் சிவசங்கர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் நைன், நீங்க ஒரே நட்டுதானே போடுறீங்க? அங்க முழு பீஸும் தெரிஞ்சிருக்கணுமே" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சி அன்று சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் சாப்பாட்டைத் தொடாமல் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆயுத பூஜையன்று காலை, எங்கள் தெருமுனை டீக்கடை முன்னால் அதே சிவசங்கரின் சொந்தக் கார் கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. ஆமை முதுகு போன்ற பழைய கார். எஞ்சின் பின்னால் இருக்கும். ரேடியேட்டர் கிடையாது, விசிறிக் காற்றில்தான் சூடு ஆறும். அந்த விசிறி ஆல்டர்னேட்டரின் தண்டிலேயே சுற்றுகிறது. ஆல்டர்னேட்டர் இறுகிப்போனால் விசிறியும் நிற்கும், ஓட்டினால் எஞ்சின் வெந்துவிடும். சத்தம் கேட்க ஆரம்பித்தபோதே வேறு ஆல்டர்னேட்டர் வாங்கி வண்டியில் வைத்திருந்தார். மாற்றத் தெரிந்த மெக்கானிக் சென்னையில், அவருக்கும் லீவு. இழுத்துப் போகிற வண்டி இரண்டு மணிக்குத்தான் வருமாம்.

"அதுவரைக்கும் நான் பாக்கட்டா சார்?" என்றாள் பேச்சி.

அவர் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பாருங்க" என்றார். அந்த 'பாருங்க'வில் நம்பிக்கை பொட்டளவும் இல்லை.

பக்கத்துப் பட்டறை கோதண்டம் அண்ணனின் ஸ்பானர்களெல்லாம் சந்தனம் வைத்து வாழையிலையில் கிடந்தன. "இன்னிக்கு எப்டிம்மா தொடுறது? பூஜைல கீது" என்றார்.

"வேல செய்யணும்னுதானண்ணே கும்பிடுதோம்?"

கோதண்டம் அண்ணன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு கற்பூரத்தை ஒரு தடவை காட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

பேட்டரி ஒயரைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, விசிறிக் கூட்டைத் தளர்த்தித் தூக்கி, ஆல்டர்னேட்டரை விசிறியோடு அப்படியே உருவினாள். பெல்ட் ஓடும் புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரிகிறது. அதிலிருந்த வாஷர்களை நான் பொறுப்பாக ஒரு டீ கிளாஸில் சேர்த்து வைத்தேன். பழைய விசிறியைப் புதிய ஆல்டர்னேட்டரில் மாட்டி, எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது மணி ஒன்றரை. கிளாஸில் ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. கம்பெனியில் டப்பாவில் ஒரு வாஷர் மீந்தாலே லைனை நிறுத்துகிறவர்கள் நாங்கள்.

வண்டி கிளம்பியது. சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் அணையவில்லை.

"பரவால்ல, விடுங்க. டோ வண்டி வந்துடும்" என்று சிவசங்கர் எஞ்சினை நிறுத்தினார். இனி ஜென்மத்துக்கும் ஒரே நட்டுதான் என்று நினைத்தேன்.

பேச்சி கட்டைவிரலால் பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். தொளதொளவென்று இறங்கியது.

"ஏட்டி முத்துச்செல்வி, வாசரெல்லாம் எங்கன இருந்துச்சு?"

"ரெண்டு வெளிய, நட்டுக்கு அடியில. மிச்சம் ரெண்டு தட்டுக்கும் நடுவுல. நான்தான் ஒண்ணா போட்டுட்டேன்."

அவள் எதையும் மீதி வைக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் நடுவில் செருகியிருந்தாள். அதனால் தட்டுகள் விலகி, பெல்ட் உள்ளே இறங்கித் தளர்ந்துவிட்டது. என்னை அவள் திட்டவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அதுவே போதும். மறுபடி நட்டைக் கழற்றி, இரண்டை எடுத்து வெளியே போட்டு முறுக்கினாள். "மீந்ததுக்கும் அங்கனயே இடம் வச்சிருக்கான் பாரு" என்றாள். பெல்ட் இப்போது விறைப்பாக நின்றது. ஸ்பானரில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தொட்டு நட்டின்மேல் ஒரு கோடு இழுத்தாள். பழக்கம் விடவில்லை.

சிவசங்கர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. கோதண்டம் அண்ணன் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார், வண்டிக்கா பேச்சிக்கா என்று தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிவசங்கர் இறங்கி வந்து அந்தச் சந்தனக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"நான் போடுறது ஒரு நட்டுதான் சார். ஆனா பதினோரு வருசமா முழு பீஸும் என் முன்னாலதான வந்து நின்னுச்சு?"

இழுத்துப் போகிற வண்டி வந்ததும் அவர் அதைத் திருப்பி அனுப்பினார். பிறகு காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "லீவு முடிஞ்சதும் நேரா ரீவொர்க் டேபிளுக்கு வந்துடுங்க, பேச்சி" என்றார்.

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்தது அன்றுதான்.