பத்தொன்பதாவது பெயர்

இந்த வருடம் பெப்ரவரி ஒன்பதாம் திகதி, திங்கட்கிழமை, காலை ஏழு மணி இருபது நிமிடம். இரவு முழுக்கப் பெய்த மழை ஆறு மணிக்குத்தான் விட்டிருந்தது. வெயில் வரவில்லை, கடல் பக்கமிருந்து காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது. வெட்டுக்கு நிற்கிற இரண்டு ஏக்கர் நெல்லும் விழுந்திருக்குமோ என்ற யோசனையில் நான் மூன்றாவது தடவையாகக் கேற்றைத் திறந்து வானத்தைப் பார்த்தபோது, பள்ளிவாசல் நிர்வாக சபையிலிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள்.

செயலாளர் என்னிடம் படித்தவர். கணிதத்தில் நூற்றுக்கு முப்பத்தேழு எடுத்தவர். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. சண்டை நடந்த வருடங்களில் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்துபோன எங்கள் மஹல்லாக்காரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி மையவாடிச் சுவரில் பதிக்கப் போகிறார்களாம், எங்களை அடக்கும் இடத்துச் சுவரில். இன்னும் ஒன்பது நாளில் நோன்பு. அதற்கு முதல் முடிக்க வேண்டும். இருபத்திரண்டு பெயர்கள். தலைப்பில் பெரிதாக ‘ஷுஹதாக்கள்’ என்று இருந்தது. இறைவழியில் உயிர் கொடுத்தவர்கள் என்று அர்த்தம்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஜனாஸா அடக்கத்தையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். திகதி, நேரம், தொழுகையில் எத்தனை வரிசை, குழி எந்த மரத்துக்கு நேரே என்றெல்லாம். கொப்பியை நான் சபையிடம் கொடுத்து எட்டு வருடமாகிறது. அதைப் பார்த்துத்தான் பட்டியல் செய்திருந்தார்கள்.

"சேர் ஒரு ஒப்பம் வெச்சாப் போதும். கல்லும் வெட்டியாச்சு" என்றார் செயலாளர்.

ஒப்பம் கேட்க முதலே எப்படி வெட்டினீர்கள் என்று கேட்டேன். சேருடைய கணக்குப் பிழைக்காது என்ற நம்பிக்கைதானாம்.

பத்தொன்பதாவது பெயர் என் மனைவியின் தம்பியுடையது. தாளை வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். வருகிறவர்களுக்கு வெறுந்தேநீர் கொடுத்தனுப்புகிற என் மனைவி அன்றைக்கு மூன்று பேருக்கும் பால் தேநீர் கொடுத்தாள். அவர்கள் போன பிறகு அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவளுக்கு எழுத்துச் சரியாகத் தெரியாத கண். எத்தனையாவது வரி என்று என்னிடம் கேட்டுத்தான் தொட்டாள்.

மச்சானுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. நெல் வெட்டுக்குப் போன அவனுடைய சிநேகிதனையும் கூடப் போன மூன்று பேரையும் மற்றப் பக்கத்துத் தமிழ் ஆயுதக்காரர்கள் வயலிலேயே வெட்டிப் போட்டார்கள். கையில் அரிவாளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள். அதற்குப் பிறகுதான் ஊரைக் காக்கவென்று துவக்குக் கொடுக்கப்பட்ட இளைஞர்களோடு மச்சானும் சேர்ந்தான். நாலு மாதம் அவன் காவலுக்குத்தான் நின்றான்.

என் வயலுக்கு அடுத்த வயல் ஒரு தமிழருடையது. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். ஜும்ஆவுக்கு நான் போகிற நாளில் என் மடையை அவர் பார்ப்பார். அவர்களுடைய கோயில் திருவிழா நாட்களில் அவருடைய மடையை நான் பார்ப்பேன். ஒன்பது வருடம் அப்படி நடந்தது. சண்டை தொடங்கிய பிறகு ஒருவரையொருவர் காண்பது குறைந்துபோனது. ஆனாலும் அவர் தன் முறை முடிந்ததும் என் பக்கத்து மடையைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போவார்.

அடுத்த போகத்தில் பயிர் குடலைப் பருவம், கதிர் இன்னும் வெளிவரவில்லை. பின்னேரம் மூன்று மணி பத்து. தண்ணீர் பார்க்கப் போனேன். நாணல் பற்றைக்கு இந்தப் பக்கம் வந்தபோது குரல் கேட்டு நின்றேன். துவக்கோடு மூன்று பேர், நடுவில் மச்சான். அவர்களுக்கு முன்னால் தலையில் கை வைத்தபடி இரண்டு பேர். ஒருவர் என் பக்கத்து வயல்காரர். மற்றவர் அவரோடு கூலிக்கு வந்தவர். மண்வெட்டி வரம்பில் கிடந்தது.

"தண்ணி கட்ட வந்தனான் தம்பி. வேற ஒண்டும் இல்ல" என்றார்.

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினார். என்னைக் கண்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பெயர் அவருக்குத் தெரியும், நான் மச்சானுக்கு யார் என்பதும் தெரியும். ஆனால் அவர் என்னைக் கூப்பிடவில்லை. முகத்தைத் திரும்ப முன்பக்கம் வைத்துக்கொண்டார். நான் எதிர்பார்த்ததை விட நேரம் குறைவாகவே எடுத்தது. நான்கு வெடிகள்.

நான் வேறு பாதையால் இரண்டு கட்டை தூரம் நடந்து வீட்டுக்கு வந்தேன். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் அதுதான் கதை. ரெண்டு பேரை முடிச்சிட்டானாம், ஆம்புளப் புள்ள என்று சொன்னவரை எனக்கு நன்றாகத் தெரியும். நான் சிறுவனாக இருந்தபோது பெருநாளைக்குச் சீனடி விளையாட்டு நடக்கும். கம்பு கைநழுவி விழுந்தவனை அடிக்கக் கூடாது. அவன் எடுக்கும் வரை மற்றவன் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு தடவை ஒருவன் பொறுக்காமல் அடித்துவிட்டான். அவனை மூன்று வருடம் களத்துக்குக் கூப்பிடவில்லை. அந்த முடிவைச் சொன்னவரும் இதே மனிதர்தான். அரிவாளோடு நின்ற எங்கள் நாலு பேரை வெட்டியவர்களுக்கும் அவர்களுடைய பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்திருக்கும், இதே சொல்லும் கிடைத்திருக்கும். வெள்ளிக்கிழமைகளில் மௌலவி, உழுகிறவனைத் தொடாதீர்கள், ஆயுதம் இல்லாதவனைத் தொடாதீர்கள் என்று பழைய கட்டளைகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். துவக்குகள் வெளிச்சுவரில் சாத்தி இருந்தன. நான் ஐந்து எண்ணினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணி பத்துக்கு மற்றப் பக்கத்தார் எங்கள் காவலரணை அடித்தார்கள். மச்சானுக்கு வயிற்றில் காயம். சண்டை பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில் தண்ணீர் கேட்டான், நான்தான் கொடுத்தேன். எட்டு மணிக்கு மவுத்தாகிவிட்டான்.

பத்து மணிக்கு மையத்து வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் ஒரே கேள்வி, குளிப்பாட்டுவதா இல்லையா. போர்க்களத்தில் உயிர் விட்டவரைக் குளிப்பாட்டுவதில்லை. அந்த இரத்தத்தோடேயே, அந்த உடுப்போடேயே அடக்குவார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எங்கள் மார்க்கத்தில் ஒரு மையத்துக்கு இல்லை. வந்தவர்கள் எல்லோரும் குளிப்பாட்டத் தேவையில்லை என்றார்கள். குளிப்பாட்ட வேண்டும் என்று நான் ஒருவன் மட்டும் சொன்னேன்.

ஏன் என்று மௌலவி கேட்டார். சண்டை ஓய்ந்த பிறகு ஒரு மணி நாற்பது நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறான், தண்ணீர் குடித்திருக்கிறான், அப்படிப்பட்டவரைக் களத்தில் இறந்தவராக எடுக்க முடியாது என்றேன். மௌலவி கிதாபைத் திறந்து பார்த்தார். சேர் செல்றதுதான் சரி என்றார். சட்டம் என் பக்கம் இருந்தது. ஆனால் நான் சட்டத்துக்காகப் பேசவில்லை. மண்வெட்டியோடு வந்த இரண்டு பேரைச் சுட்டவனை அந்த மரியாதையோடு குழியில் வைக்க என்னால் முடியவில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. தண்ணீரை நானே ஊற்றினேன். பதினொரு வாளி போனது.

"என்ட புள்ள ரெத்தத்தோட போற பாக்கியத்தையும் கணக்கு வாத்தியார் கழுவி ஊத்திட்டார்" என்று மாமி என் காதுபடச் சொன்னா. அவ மவுத்தாகும் வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

என் மனைவி அன்றைக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நிமிடக் கணக்குப் பார்க்கிற மனிதன், இதிலும் பார்த்துவிட்டான் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருடமாக நானும் அவளை அப்படியே நினைக்க விட்டேன்.

இப்போது தாள் மேசையில் கிடந்தது. ஒப்பம் வைத்தால் ஒன்றும் ஆகப் போவதில்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனால் மச்சான் போரில் உயிர் கொடுத்தவன் என்றால், தண்ணீர் கட்ட வந்த அந்த இருவரும் எதிரிப் படையாகிவிடுகிறார்கள். கல்லில் வெட்டிய பிறகு அதை யாரும் திருத்தப் போவதில்லை. இரண்டாம் நாள் செயலாளர் தொலைபேசி எடுத்தார். மூன்றாம் நாள் இரண்டு தடவை எடுத்தார். உங்கட சொந்த மச்சான்தானே சேர் என்றார்.

நாலாம் நாள், வியாழக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு மனைவியிடம் சொன்னேன். அவள் குசினியில் கீரி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய்க்காலில் தொடங்கி நான்காவது வெடி வரைக்கும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசி மீனையும் ஆய்ந்து சட்டியில் போட்டுவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப நீங்க எங்க நிண்டீங்க?"

"பற்றைக்கு இஞ்சால. நாப்பது அடி இருக்கும்."

"நாப்பது அடியில நிண்டு, 'தம்பி' எண்டு ஒரு சத்தம் போட்டிருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்."

 கேட்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

"அந்த மனுசனுக்குப் பெஞ்சாதி புள்ள இரிந்ததா?"

தெரியாது என்றேன். ஒன்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் கட்டியும் அதை நான் கேட்டதில்லை, பிறகு போய் விசாரித்ததும் இல்லை.

"மையத்துக்கு ஊத்தின வாளியையும் எண்ணினீங்க" என்றாள். "அவர்ட புள்ளைகள எண்ணல்ல."

பின்னேரம் அவளே செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தம்பியுடைய பெயர் அந்தக் கல்லில் வேண்டாம், அவனுடைய இரத்த உறவில் மிச்சம் நான் ஒருத்திதான், என் சொல் போதும் என்றாள். ஏன் என்று அவர் மூன்று விதமாகக் கேட்டார். "எனக்கு விருப்பமில்ல, மனே" என்பதைத் தவிர அவள் வேறு சொல் சொல்லவில்லை. பற்றையையும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. பிறகு மிச்சம் இருபத்தொரு பெயரையும் சரி பார்த்து நான் ஒப்பம் வைத்தேன்.

கணக்கு வாத்தியார் மச்சானுக்கும் புள்ளி குறைச்சிட்டார் என்று ஊரில் சிரித்தார்கள். காணி வழக்கு ஏதோ இருக்கிறதாம் என்றும் ஒரு கதை வந்தது. நேரே வந்து யாராவது கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று நான்கு வசனங்களை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களிடம் போய்ச் சொல்ல நானும் எழும்பவில்லை. வீட்டில் சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. அவள் கதைப்பது குறைந்துவிட்டது.

பளபளப்பாக்கிய கறுப்புக் கல்லில் ஒரு வரியை மட்டும் அழிக்க முடியாது, புதுக் கல்தான் வெட்ட வேண்டும் என்று கல்முனைக் கல்வெட்டுக்காரர் சொல்லிவிட்டார். நோன்புக்கு முதல் முடியவில்லை. பெருநாள் கழித்துத்தான் பதித்தார்கள். பள்ளிவாசல் காசில் கை வைக்கக் கூடாது, எங்கள் செலவில் ஆகட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். கல் அறுபத்து நாலாயிரம், இருபத்தொரு பெயருக்கும் பெயருக்கு நானூற்று ஐம்பது வீதம் ஒன்பதாயிரத்து நானூற்று ஐம்பது, ஏற்றி இறக்கிய கூலி மூவாயிரத்து ஐந்நூறு. எல்லாமாக எழுபத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபா.