வெள்ளிக்கிழமைக் கருவாடு

விசாரணையில் போலீஸ் எந்த அளவுக்குப் பொய் சொல்லலாம் என்பதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டாம். வக்கீலுக்குப் படிக்கும் என் பேத்தி சொல்கிறாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. யுத்தத்தில் ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்களை விசாரித்தவர்களின் பொய்க்கு ஏது வரம்பு?

அப்போது நாங்கள் குடியிருந்த ஊர் காஜா பெராங். அங்கே எங்கள் வீட்டிலிருந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். திருட்டுத்தனமாக ரேடியோவில் வெளிநாட்டுச் செய்தி கேட்டார் என்பது குற்றம். கேட்டது உண்மை. அந்த ரேடியோ சற்றுத் தள்ளியிருந்த புக்கிட் ரம்பாய் என்ற ஊரில் என் தம்பியின் ஆட்டுக் கொட்டகையில் இருந்தது. அகப்பட்டால் தம்பியின் தலை தப்பாது. இது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை துப்பறியும் ஆள் ஒருவன் வந்தான். தமிழன்தான், வெள்ளைக்காரனிடமும் இதே வேலை பார்த்தவன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"தங்கச்சி, உன் புருஷன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. ரேடியோ எங்கன்னு நீயும் சொல்லு. ரெண்டு பேச்சும் ஒத்துப்போனா இன்னைக்கே வீட்டுக்கு வந்துருவாரு."

சொல்லிவிட்டாரா? அப்படியானால் நான் மறைப்பது அவருக்கல்லவா கேடு? தம்பியின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பயப்படாதே. நேத்து நல்லா சாப்பிட்டாரு. கருவாட்டுக் கொழம்பு, ரெண்டு தட்டு சோறு."

நேற்று வெள்ளிக்கிழமை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட வெள்ளிக்கிழமையில் கவிச்சி தொடாத மனிதர் அவர். அண்டப்புளுகன், அகப்பட்டுக்கொண்டான் என்று மனம் துள்ளியது. "எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு வேறு பயம் பிடித்தது. சாப்பாட்டு விஷயத்திலேயே பொய் என்றால், அவருக்குச் சோறு போடுகிறார்களா? ஆள் உயிரோடாவது இருக்கிறாரா? வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டாலே உயிர் போய் உயிர் வந்தது.

பல வாரம் கழித்து அவரை வெளியே விட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்தவருக்கு மரவள்ளிக்கிழங்கை மசித்துக் கொடுத்துக்கொண்டே என் சாமர்த்தியத்தை அளந்தேன்.

"வெள்ளிக்கிழமையில நீங்க கருவாடு சாப்பிட்டீங்களாம்! அதுலயே பொய்ன்னு பிடிச்சிட்டேன்."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"பொய் இல்ல. சாப்பிட்டேன். ரெண்டாவது தட்டு நானே கேட்டு வாங்குனேன். ரேடியோவப் பத்திக் கேட்டப்பதான் வாயத் தொறக்கல."

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று என் வாய் சமாதானம் சொன்னது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அந்த ஆள் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதைப் பொய் என்று நம்பித்தான் நான் தம்பியைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.