கேப்டன் வருவார் என்று நம்பியவர்

காலை காபி ஆறுவதற்குள் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை சூடு பிடித்திருந்தது. எங்கள் குரூப்பில் வேறு எதற்கும் சண்டை வராது. ‘தொலைவான்’ என்ற பழைய விண்வெளித் தொடருக்கு ஆண்டுவிழாச் சிறப்பு அத்தியாயம் வரப்போகிறது. அதில் கேப்டன் திரும்பி வருவாரா, மாட்டாரா என்பதுதான் சண்டை. வருவார் என்று கடைசி வரை ஒற்றைக் காலில் நின்றவர் ஞானப்பிரகாசம் அண்ணன். வரமாட்டார் என்பது நிச்சயமானால், தானே தோல்வியை ஒப்புக்கொண்டு குரூப்பில் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அன்று காலை அவருடைய எண்ணிலிருந்து ஒரே ஒரு வரி வந்தது: “அவர் போயிட்டார்.”

சிந்தாதிரிப்பேட்டை செல்வம்தான் முதலில் பதில் போட்டான். “இன்னாண்ணே, காலங்காத்தால ஸ்பாய்லர் போட்டுக்கினு கீறீங்க!” மயிலாப்பூர் வரதன் சார் கைதட்டும் பொம்மையோடு வந்தார். “ஒருவழியா ஒத்துண்டுட்டேளா!” அதே எண்ணிலிருந்து அண்ணனின் மனைவி எழுதிய அடுத்த செய்தி வந்தது. “நான் மேரி டீச்சர். விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் அவர் தவறிவிட்டார்.” வரதன் சார் தன் செய்தியை அழித்தார். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற அடையாளம் மட்டும் அங்கேயே நிற்கிறது.

அவரை அறிந்தவர்களுக்கு இந்தச் சண்டையின் மூலம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைவானைத் தமிழ் டப்பிங்கில் போட்டார்கள். சாந்தோமில் வளர்ந்த பிரகாசம் அண்ணன் தொடருக்குள் வீடு திரும்பிவிடவே சர்ச்சில் விடியற்காலை முதல் பூசைக்கு எழுந்து போவாராம். பக்தி முற்றிவிட்டது என்று அவர் அம்மா ஊரெல்லாம் பெருமையடித்தாராம். கேப்டன் கப்பலை விட்டுத் தனியாக இருளுக்குள் போகும் அத்தியாயத்தில், ஆங்கில மூலத்தில் அவர் விடைபெற்றுக்கொண்டு, எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்கிறார். தமிழில் அதே வாயசைப்புக்கு, “போயிட்டு வரேன், எல்லாரும் பத்திரமா இருங்க” என்று பேசிவிட்டார்கள். தமிழில் பார்த்த அத்தனை பேரும் அன்றிலிருந்து காத்திருந்தோம். ஆங்கிலத்தில் பார்த்தவர்கள் அன்றே அழுது முடித்துவிட்டார்கள்.

மாதம் ஒரு ஞாயிறு லஸ்ஸில் ஒரு ஓட்டல் மாடியில் கூடுவோம். ஒரு தடவை வரதன் சார் மேஜையைத் தட்டிப் பேசினார். “ஒரிஜினல்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது ஓய். டப்பிங்காரா பண்ணின தப்பு அது. அதை வச்சுண்டு எத்தனை வருஷம் வாதாடுவேள்?”

பிரகாசம் அண்ணன் வடையைப் பிட்டபடி சொன்னார். “தமிழ்ல வசனம் எழுதினவரும் நம்மூர்க்காரர்தானே சார்? கிளம்புற மனுசன் வாயில ‘போறேன்’னு வைக்க அவருக்கு மனசு வரல. தப்புதான். ஆனா நல்ல தப்பு.”

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. பிடிவாதக்காரர். சேர்ந்து படம் பார்க்க உட்கார்ந்தால் முக்கியமான கட்டத்தில்தான் பேசுவார். எனக்குப் பல தடவை கோபம் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லைக் கதைக்குள் மட்டும் வைத்துக்கொண்டிருக்கவில்லை அவர். போனை வைக்கும்போதுகூட, “சரிம்மா, போயிட்டு வரேன்” என்பார். “வீட்டுலதானே இருக்கீங்க, எங்கேண்ணே போறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “போன்லேருந்து போறேன்ல?” என்றார்.

செல்வம் ஒருநாள் கோபித்துக்கொண்டு குரூப்பை விட்டு வெளியேறினான். கேப்டனுக்கு அடுத்து வந்தவர்தான் உசத்தி என்று அவன் சொல்ல, எல்லாரும் சேர்ந்து அவனைக் கலாய்த்துவிட்டோம். பிரகாசம் அண்ணன் உடனே அவனை மறுபடி சேர்த்து, “தம்பி போயிட்டு வந்தாச்சு, ஆளுக்கொரு டீ சொல்லுங்க” என்று எழுதினார். செல்வத்தால் அதற்கப்புறம் முறுக்கிக்கொள்ள முடியவில்லை.

அடையாறு ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது சிறப்பு அத்தியாயத்தின் முன்னோட்டம் வெளிவந்திருந்தது. அதில் ஒரு ஏணி, ஏணியில் ஒரு பூட்ஸ் கால். அவ்வளவுதான். மூச்சு வாங்கிக்கொண்டே செல்போனில் அந்தக் காலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். “இது கேப்டன் பூட்ஸ்தான்.” வரதன் சார் அன்று வாதாடவில்லை. “இருக்கலாம் ஓய்” என்றார். அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. “என்ன சார், சண்டை போடுங்க. நோயாளின்னு விட்டுக் குடுக்காதீங்க” என்றார். எங்களைவிட அவருக்கே தன் நிலைமை நன்றாகத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சாந்தோம் வீட்டில் அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கையில் ஜெபமாலை. செல்வம் மாலை போட்டுவிட்டு, “இன்னாண்ணே இது” என்று மட்டும் சொன்னான். அடக்கம் முடிந்து மறுபடி வீட்டுக்கு வந்து கிளம்பும்போது வரதன் சார் டீச்சர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். துக்க வீட்டில் ‘வரேன்’ என்று சொல்லக் கூடாது. நாங்களும் சொல்லவில்லை. தெருமுனை வரை தலையைக் குனிந்துகொண்டு நடந்தோம். அவர் வீட்டிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லாமல் வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

சில வாரங்கள் கழித்துச் சிறப்பு அத்தியாயம் வந்தது. டீச்சரே கூப்பிட்டார். “உங்களை எல்லாம் இங்க வரவச்சுப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தார். வந்துடுங்க.” வரதன் சார், செல்வம், நான் மூவரும் போனோம். டீச்சர் தொலைவானை ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை. அன்று எங்களோடு கடைசி வரை உட்கார்ந்திருந்தார். முக்கியமான கட்டத்தில் யாரும் குறுக்கே பேசவில்லை. அது எவ்வளவு வெறுமையாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏணியில் ஏறிய பூட்ஸ் கால் வேறு யாருடையதோ. கேப்டன் வரவில்லை.

பெயர்கள் ஓடி முடிந்ததும் டீச்சர் கேட்டார். “அப்போ அவர் சொன்னது தப்பா? வரலையா?”

நான் வரதன் சாரைப் பார்த்தேன். இத்தனை வருஷச் சண்டையில் அவர் ஜெயித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “இந்தத் தடவை வரலை டீச்சர். ஆனா, போயிட்டு வரேன்னுதானே சொல்லிட்டுப் போயிருக்கார்? வருவார்.”

நாங்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “அன்னைக்குத்தான் யாரும் சொல்லாம போனீங்க. இன்னைக்குச் சொல்லிட்டுப் போங்க.”

“போயிட்டு வரோம் டீச்சர்” என்றோம், மூன்று பேரும்.

“வாங்க” என்றார்.

பிரகாசம் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தப்பான வசனம் ஒன்றைத்தான். இப்போதெல்லாம் போனை வைக்கும்போது நானும், “போயிட்டு வரேன்” என்கிறேன். தி.நகர் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள். இருந்த இடத்திலிருந்தே எங்கே மேடம் போறீங்க என்று கேட்கிறார்கள். போனிலிருந்துதான் என்கிறேன்.