வாசலை மறித்த தாய்

“...அந்தக் கையால என் புள்ளையத் தொடாதீங்க டாக்டரய்யா! செத்தவள இன்னொருக்கா சாகடிக்கணுமா?” என்று கண்டி ஆஸ்பத்திரிப் பிரேத அறையின் வாசலில் என்னை மறித்து நின்றாள் ஒரு தாய். வத்தேகமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரி. மகளைக் குளிப்பாட்டச் செம்பில் தண்ணீரோடு வந்திருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பிரேதப் பரிசோதனையைக் கல்லூரியில் கொஞ்சம் படித்திருந்தேன். மிச்சமெல்லாம் பெரிய டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான். ‘பிணத்துக்கு வைத்தியம் பார்க்கிறவன்’ என்று வீட்டிலேயே என்னைக் கேலி செய்வார்கள். அன்றுதான் முதன்முதலாகத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது.

துணி துவைக்கப் போன மகள் ஆற்றில் பிணமாகக் கிடந்திருக்கிறாள். தானாகக் குதித்தாள் என்று அவர்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. தற்கொலையென்றால் மாதா கோயில் சேமக்காலையில் அடக்க முடியாதென்று பங்குச் சுவாமியும் சொல்லிவிட்டாராம்.

“அம்மா, உள்ள பார்த்தாத்தான் உங்க மகளுக்காக நான் பேச முடியும்” என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்ல விலகி வழிவிட்டாள்.

நுரையீரலில் தண்ணீர் இல்லை. இதயத்தின் வால்வு ஒன்று தடித்துச் சுருங்கியிருந்தது.

வெளியே வந்து சொன்னேன்: “அவ சாகப் போகலம்மா. நெஞ்சு நின்னு போன பிறகுதான் தண்ணியில விழுந்திருக்கா.”

“மேடு ஏறுனா மூச்சு வாங்குதுன்னாளே! சோம்பேறின்னு ஏசினேனே!” என்று கதறினாள்.

பிறகு எத்தனையோ வழக்குகளில் சாட்சி சொல்லிவிட்டேன். ஆனால் இதுதான் என் வேலை என்று மனம் அமர்ந்தது அந்த வாசலில்தான்.

அழுகை அடங்கியதும் அவள் செம்பை எடுத்தாள். “கைய நீட்டுங்கய்யா” என்றாள். மகளுக்கென்று கொண்டுவந்த தண்ணீரை முதலில் என் கைகளில் ஊற்றினாள்.