நாற்பத்தைந்து என்று போட்டிருந்த தட்டு

எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு இடம் கிடையாது. ராயபுரத்தில், மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில், ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். சந்து முழுக்க ரேடியோ பாடும். எங்கள் வாசலில் மட்டும் பாடாது. ஒரு தபசு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவைச் சத்தமாக வைத்தபோது நேரே போய், "ஆண்டவர் பாடுபட்ட நாள்ல இது இன்னா கூத்து?" என்று கேட்டவன் நான். அவரும் துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்தான். உடனே சத்தத்தைக் குறைத்து வைத்தார். பெரிய புண்ணியம் செய்துவிட்டது போல நான் திரும்பி வந்தேன்.

அப்படிப்பட்டவன் ஒரு பழைய ரிக்கார்டு பிளேயர் வாங்கியது ஒரே ஒரு இசைத்தட்டுக்காகத்தான். கோவில் பாட்டுகள் அடங்கிய பெரிய தட்டு. விற்றவர் பெட்டியின் ஓரத்தில் இருந்த வேகக் குச்சியை முப்பத்திமூன்று என்ற எண்ணுக்கு நேராகத் தள்ளி வைத்து, "இது இங்கியே இருக்கட்டும், நவுத்தாதே" என்றார். முப்பத்திமூன்று, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட வயது. அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் நகர்த்திவிடக் கூடாதென்று குச்சியின் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன்.

இரண்டாவது தட்டு கப்பலிலிருந்து வந்தது. நான் கப்பல் தளத்தில் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவன். ஒரு கிரேக்கக் கப்பல் சரக்கு இறக்க வந்து கொஞ்ச நாள் நின்றது. அதன் சமையல்காரர் என் டிபன் கேரியர் மீன் குழம்பை ஒருநாள் ருசி பார்த்தார். அப்புறம் தினமும் மதியம் ஆனால் சாப்பாட்டுத் தட்டோடு வந்து நிற்பார். அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. கப்பல் கிளம்புகிற அன்று அந்தச் சின்ன இசைத்தட்டை என் கையில் வைத்து, கண்ணை மூடி, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ஜெபம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

உறையில் கடற்கரை, வெள்ளைச் சுவர், மேலே சிலுவை வைத்த ஒரு கோவில். கீழே நான்கு கட்டங்களில் நான்கு பேர், நான்கு விதமான வாத்தியங்களோடு. ஒருத்தர் கையில் நம்ம மேண்டலின் போல, கழுத்து நீளமாக ஒன்று. ஒருத்தர் கையில் கிதார். ஒருத்தர் குழல். கண்ணை மூடிக்கொண்டிருந்த நாலாமவர் முன்னால் மேஜையில் ஒரு கண்ணாடிக் கோப்பை. பூசைக்கு வைக்கிற திராட்சை ரசம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுத்தேன். எழுத்து ஒன்றும் படிக்க முடியவில்லை. தட்டின் நடுவில் மட்டும் 45 என்று நம்ம கண்ணுக்குத் தெரிந்த எண் இருந்தது. எங்கள் கோவில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நாற்பத்தைந்தாவது, ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய பாட்டு. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

போட்டுக் கேட்டோம். பாட்டு இல்லை, வாய்ச்சொல் இல்லை, வெறும் வாத்தியம். ஒவ்வொரு தந்தியும் கனத்த சுமையைத் தூக்கிக்கொண்டு மேடேறுகிறவன் போல மெள்ள மெள்ள நடந்தது. குழல் முனகியது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அன்றிலிருந்து சாயங்கால ஜெபமாலைக்கு முன்னால் அந்தத் தட்டைச் சுழல விடுவது எங்கள் வீட்டு வழக்கமானது.

அந்தச் சமயத்தில்தான் என் மாமனார் படுக்கையில் விழுந்தார். இளவயதில் கப்பல்களில் குசினியில் சமையல் வேலை பார்த்து ஊர் ஊராகப் போனவர். பிற்பாடு துறைமுகத்துக் கேன்டீனில் அடுப்படியில் நின்றவர். ஆண் பிள்ளை இல்லை. அவரும் மாமியாரும் எங்களோடுதான் இருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறும். பெரிய டாக்டர் கையை விரித்த பிறகு எனக்கு ஒரே ஒரு மன்றாட்டுத்தான் மிச்சம் இருந்தது. அவருக்கு நல்ல மரணம் கிடைக்க வேண்டும். மனசில் எந்தக் குறையும் இல்லாமல் அவர் போக வேண்டும்.

அவர் கட்டிலருகே பிளேயரை வைத்து அந்தத் தட்டைப் போடுவேன். ஊசி இறங்கியதும் முகம் மாறும். மூச்சு இழுப்பு குறைந்த மாதிரி இருக்கும். வலது கை விரல்கள் மட்டும் கட்டில் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். வாத்தியம் ஒரு அடி வைப்பதற்குள் விரல் அடுத்த அடிக்குப் போய்விடும். வியாதியின் நடுக்கம் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டார்:

"மாப்ளே, இத்தக் கொஞ்சம் முடுக்கி வுடேன்."

நான் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தேன். "தாத்தாவுக்கு இன்னும் அந்தக் காலத்துச் சாவி குடுக்கிற பொட்டின்னு நெனப்பு. மாமா, இது கரண்டுல சுத்துது."

அவரும் சிரித்தார். இரண்டு நாள் கழித்து மறுபடியும், "கொஞ்சம் வெரசாப் போனா நல்லாருக்கும், மாப்ளே" என்றார்.

"ஜெபத்துக்கு இன்னா மாமா அவசரம்?"

"ஜெபத்துக்கு இல்ல மாப்ளே. எனுக்குத்தான் அவசரம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மோட்சத்துக்குப் போக அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். இப்படி ஒரு பக்தியான வார்த்தையை நான் கேட்டதே இல்லை என்று எங்கள் உபதேசியாரிடம் சொன்னேன். அவரும் அதைக் கோவிலில் நாலு பேரிடம் சொன்னார். அதே வாரம் மாமனார் கண்ணை மூடினார். அப்போதும் அந்தத் தட்டுத்தான் சுழன்றுகொண்டிருந்தது. அடிமேல் அடி வைத்து.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, சந்தில் போட்டிருந்த பந்தலில் எல்லாரும் கூடினார்கள். அவர் கேட்டுக்கொண்டே உயிர்விட்ட இசையை எல்லாரும் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பெட்டியின் சத்தம் பந்தலுக்குப் போதாது. டோல்கேட் பக்கமிருந்து, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ரேடியோ செட்காரரை வரவழைத்திருந்தேன். தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, உபதேசியார் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டேன். நான் மைக்கில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மாமா கடைசி மூச்சு வரைக்கும் கேட்ட ஜெப இசை இது. ஆண்டவரோட பாடுகளைத் தியானிக்கிற இசை. எல்லாரும் கண்ணை மூடிக்கினு கேளுங்க."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

ஒலிபெருக்கியிலிருந்து குதித்து வந்தது ஒரு கூத்து. தந்திகள் ஒன்றையொன்று துரத்தின. குழல் கும்மாளம் போட்டது. பின்னால் யாரோ கை தட்டுகிற சத்தம், யாரோ ஹோ என்று கத்துகிற சத்தம். எங்கள் வீட்டில் முனகலாகக் கேட்டதெல்லாம் அந்தக் கத்தல்தான். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை தாயின் இடுப்பிலேயே எம்பி எம்பிக் குதித்தது.

"யோவ், தட்டை மாத்திட்டியா?" என்று கத்தினேன். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். சந்து முழுக்கக் கேட்டது.

"நீ குடுத்த தட்டுதான் நைனா! நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்கீது, நாப்பத்தஞ்சுல சுத்துது. நீ வூட்ல எத்தினில சுத்தினே?"

"முப்பத்திமூணுல."

"அடப்பாவமே! டான்ஸ் ஆடுற பாட்டைப் பாடையில கட்டித் தூக்கினு போயிருக்கியே, நைனா!"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. துக்கத்துக்கு வந்த ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார்.

"மாமு, தபசு காலத்துல என் ரேடியோ கூத்து. உன் வூட்டுக் கூத்துக்கு மட்டும் ஜெபமாலையா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பிரியமாகச் சொன்னார். உபதேசியார் மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, "பெரியவர் மோட்சத்துக்கு நடந்து போகலை, ஆடிக்கினே போயிட்டாருன்னு வச்சிக்குவோம்" என்று சொல்லிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். நான் முழங்காலில் நின்றேன். வாய் மட்டும் அசைந்தது.

சிரிப்பை நான் மறந்திருப்பேன். சந்தில் ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் வேறு யாரையாவது பிடித்துக்கொள்வார்கள். ஜனங்கள் போன பிறகு மாமியார் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அந்தம்மா மட்டும் பந்தலில் சிரிக்கவில்லை. வீட்டுக்குள் எங்கள் பிளேயர் பெட்டியருகே தரையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, இதான் பாட்டு. இப்பத்தான் நானே ஒழுங்கா கேட்டேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, அத்தே?"

"அவுரு சொன்னாரு. வயசுல கப்பல்ல போனப்ப அந்த ஊர்ப் பக்கம் சாராயக் கடைல இந்தப் பாட்டுக்குத் தோளோட தோள் கோத்துக்கினு ஆடுவாங்களாம். இவுரும் ஆடிக்கீறாராம். மாப்ள கொஞ்சம் வெரசா வுட்டா அந்த ஆட்டத்தக் கண்ணுல பாத்துட்டுப் போயிடுவேன்னாரு."

"என்னாண்ட ஏன் அத்தே சொல்லலே?"

"நான் சொல்லட்டான்னு கேட்டேன். வாணாம்னுட்டாரு. மாப்ள ஜெபம்னு நம்பிக்கினு கீது, அது மனசு நோவக் கூடாதுன்னாரு."

அவர் மனசில் குறை இருக்கக் கூடாது என்று மண்டியிட்டு மன்றாடியவன் நான். என் மனசு நோகாமலிருக்க, கேட்க ஆசைப்பட்ட பாட்டைக் கேட்காமலே போனவர் அவர். தட்டிக்கொண்டிருந்த அந்த விரல்களை நான்தான் பிடித்து அடக்கி வைத்தேன்.

"போடு மாப்ளே," என்றார் மாமியார். "நம்ம பொட்டியில, சரியாப் போடு."

பிளாஸ்திரி காய்ந்து இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். குச்சியை நாற்பத்தைந்துக்கு நகர்த்தினேன். தட்டு வேகமெடுத்தது. அந்தம்மா வெறும் கட்டிலின் சட்டத்தில் விரலால் தட்ட ஆரம்பித்தார். அந்த விரல் எங்கேயும் பாட்டை முந்தவில்லை. கூடவே போயிற்று.

என்னால் அவருக்கு எதிரில் உட்கார முடியவில்லை. திரும்பி, இருதய ஆண்டவர் படத்தைப் பார்த்து, பாட்டு முடிகிறவரைக்கும் சுவரோரமாக நின்றேன். அப்பா ஜெபிக்கிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் சத்தம் போடாமல் வெளியே போனார்கள்.