பஜ்ஜியோடு பெண் பார்க்கப் போனவர்

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்து சீட்டுக்காரர். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத ஊதாச் சட்டை, மடியில் தூங்கும் சின்னப் பையன், கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அடிக்கடி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வாழைக்காய் பஜ்ஜி.

"மூடினா நமுத்துப் பூடுது, தொறந்தா ஆறிப் பூடுது. பேஜாரா கீதும்மா."

"யாருக்குண்ணா இது?"

"பொண்ணு பாக்கப் போறேன்."

நான் பையனைப் பார்த்தேன்.

"இவனுக்கில்லம்மா, எனக்கு. இவங்கம்மா தவறிட்டாங்க. நான் பாக்கப் போறவங்களும் தனியாதான் பொண்ண வளக்குறாங்க."

"பஜ்ஜி பொண்ணு வீட்லதானே குடுப்பாங்க?"

"அது மொத தபா கட்டும்போது. இப்ப அந்தப் பாப்பா சரின்னாதான் கல்யாணம்னுட்டாங்க. அதுக்கு பஜ்ஜின்னா உசுராம். நானே சுட்டேன்."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமல்லபுரத்தில் அவர் பின்னாலேயே இறங்கினேன்.

பேருந்து நிலையத்தில் ஓர் அம்மா காத்திருந்தார். பக்கத்தில், கைகட்டியபடி அவர் மகள். இவர் வணக்கம்கூடச் சொல்லாமல் டப்பாவை நீட்டினார். சிறுமி ஒன்றைக் கடித்து, மெதுவாக மென்றாள். பெரியவர்கள் இருவரும் மூச்சு விட்டதாகவே தெரியவில்லை.

"உப்பு கம்மி அங்கிள்" என்றாள். பிறகு டப்பாவையே வாங்கிக்கொண்டு, தூக்கம் கலைந்த பையனுக்கு ஒன்றை நீட்டினாள். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

ஊதாச் சட்டைக்காரர் என்னைத் தேடிப் பிடித்துச் சொன்னார்: "உப்பு மட்டுந்தாம்மா கம்மியாம்."

பெயர் கேட்க மறந்துவிட்டேன். எனக்கு ஒரு பஜ்ஜிகூட அவர் தரவில்லை. இருந்தும் அன்று மாலை முழுக்கக் கடற்கரையில் தனியாகச் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.