அல்சூரில் லாரியை நிறுத்திய மாலை

அல்சூர்க் கோயிலில் தீபாராதனைக்கு மணி ஒலிக்கிறது. நானோ சாலையின் இந்தப் பக்கம் தவிக்கிறேன். வேகம் இருபது மைல் எனும் பலகையை மதியாமல் லாரிகளும் பஸ்களும் பறக்கின்றன. காலெடுத்து வைக்கும்போதெல்லாம் பின்வாங்குகிறேன்.

அருகே ரோஜாமாலையோடு நிற்கும் பூக்கார அம்மாள் சிரிக்கிறாள்.

"இன்னா பெரியவரே, கோயிலுக்கா? மனுசனுக்கெல்லாம் நிறுத்த மாட்டானுங்க. என் பின்னாலயே வா!"

இரு கைகளாலும் மாலையைத் தலைக்குமேல் ஏந்திச் சாலையில் இறங்குகிறாள். பாய்ந்து வந்த லாரி கிறீச்சிட்டு நிற்கிறது. ஓட்டுநர் கைகூப்புகிறார்! "நமசிவாய" என்றபடி அவள் பின்னே விரைந்து, அக்கரை சேர்கிறேன்.

"ஈசன் மார்பில் துலங்கப்போகும் மாலையின் பின்னே வரும் பேறு பெற்றேன், அம்மா!"

"ஐயே, சாமிக்கு காலைலயே குடுத்தாச்சு. இது கல்யாண மாப்பிள்ளைக்கு!"

திகைத்துத் திரும்புகிறேன். லாரி இன்னும் நகரவில்லை. அதன் முன்னே கூடைக்காரிகளும் பிள்ளைகளும் கோலூன்றிய கிழவர் ஒருவரும் நிதானமாகக் கடக்கிறார்கள். அந்த அடியார் கூட்டம் கரையேறக் காத்திருக்கும் ஓட்டுநரை நோக்கிக் கைகூப்பிவிட்டுக் கோயிலுக்கு ஓடுகிறேன். மணி இன்னும் ஒலிக்கிறது!